நிக்கானோருக்கு லித்தியம் வந்த கதை

எங்கள் ஊருக்கு வருகிற பத்திரிகைக்காரர்கள் முதலில் ஏரியைப் படம் எடுப்பார்கள். தண்ணீர் வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரென்று உப்பு. பிறகு அதிலிருந்து லித்தியம் எடுக்கிற ஆலையின் பச்சையும் நீலமுமான பாத்திகளை எடுப்பார்கள். "உலகத்துக் கைப்பேசிகளெல்லாம் உங்க காலடியில கிடக்குற லித்தியத்துலதான் ஓடுது, பெருமையா இருக்கா?" என்று கேட்பார்கள். சுகாதார நிலையத்து நர்ஸான என்னிடமும் ஒருவன் வந்து கேட்டான். அவனுக்காகப் போட்டு வைத்திருந்த கோக்கா இலைத் தேநீரை அவன் கண் முன்னாலேயே நான் எடுத்துக் குடித்துவிட்டேன். லித்தியம் என்றால் எனக்குக் கைப்பேசி ஞாபகம் வருவதில்லை. நிக்கானோர் யுக்ராதான் ஞாபகத்துக்கு வருகிறான்.

நிக்கானோர் உப்பு அள்ளுகிறவன். ஏரியின் மேல்தோலை மண்வெட்டியால் சுரண்டி, கூம்பு கூம்பாகக் குவித்து, காய்ந்ததும் லாரியில் ஏற்ற வேண்டும். முகத்தை முழுக்கத் துணியால் மூடி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நிற்க முடியும். எங்கள் ஊரான காச்சிபாம்பாவின் ஆண்களில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. அதற்கு மேல் அவனுக்கு ஊர் வாத்தியக் குழுவில் பெரிய முரசு அடிக்கிற வேலையும் உண்டு. கூச்சப்படுகிறவன், குட்டையானவன், கல்யாண வீட்டில் கடைசியாகத் தட்டெடுத்துக்கொள்கிறவன். அவனைப் பற்றி ஊரில் யாருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை, அந்தக் கடல் நாள் வரை.

ஒரு பழைய போரில் எங்கள் பொலிவியா தன் கடற்கரையைச் சிலி நாட்டுக்காரர்களிடம் இழந்தது. அதற்காக ஒவ்வொரு மார்ச்சிலும் கடல் நாள் என்று ஊர்வலம் போவோம், உரை கேட்போம், கண் கலங்குவோம், சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். அந்த வருஷம் நிக்கானோர் மட்டும் வீட்டுக்குப் போகவில்லை. அதற்கு முந்தைய ஒரு வாரமாகவே அவன் தூங்கவில்லை என்று அவன் மனைவி செவெரினா பிறகுதான் சொன்னாள். பேச்சை நிறுத்தவில்லையாம். வாய் பேசிக்கொண்டிருக்க, கை தன் லாமா மந்தையைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தானம் செய்துகொண்டிருந்ததாம். ஊர்வலம் முடிந்ததும் முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடலைத் திருப்பி வாங்கி வருகிறேன் என்று ஏரியின் குறுக்கே மேற்கு நோக்கி நடந்துவிட்டான்.

உப்பு லாரிக்காரர்கள் அவனைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தபோது வெள்ளை ஒளியில் கண் வெந்திருந்தது. உதடு பிளந்திருந்தது. அப்போதும் முரசை விடவில்லை. "கிட்ட வந்துட்டேன், பெனிதாக்கா, உப்புக் காத்து அடிச்சுச்சு" என்றான் என்னிடம். "அடேய், நம்ம ஊருல உப்புக் காத்து எந்தப் பக்கம்டா அடிக்காது?" என்றேன். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்புறம் சிரிக்க ஒன்றும் இல்லை. குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். ஊட்டினால் வாயைத் திறப்பான், அவ்வளவுதான். இலை பார்த்துச் சொல்கிறவர் வந்து கோக்கா இலைகளைத் துணியில் தூவிப் பார்த்துவிட்டு, உயிர் ஏரியிலேயே தங்கிவிட்டது, அதைக் கூப்பிட வேண்டும் என்றார். செவெரினா அவன் சட்டையை எடுத்துக்கொண்டு போய், ஏரிக்கரையில் நின்று பெயர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். துணைக்கு நானும் போனேன், நானும் கூப்பிட்டேன். நர்ஸ் படிப்பு படித்தவள்தான், ஆனாலும் கூப்பிட்டேன். உயிர் வரவில்லை. அதற்குப் பிறகுதான் பொத்தோசி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

அங்கே மனநல டாக்டர் ரெபேகா எங்களுக்காக நேரம் ஒதுக்கிப் பேசினார். நான் என் கன்னத்தில் கோக்கா இலையை அடக்கி வைத்திருந்ததைப் பார்த்து, அதிலிருந்தே ஆரம்பித்தார்.

"மூளையில ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்லிக்கிட்டே இருக்கும்மா. நீங்க மெல்லுற இலை அந்தச் சேதியைக் கொஞ்சம் உரக்கச் சொல்ல வைக்குது. பசி தெரியாது, அசதி தெரியாது. அதே இலையிலேர்ந்து எடுக்குற வெள்ளைப் பொடி இருக்கே, அது காதுல வந்து கத்துது. கத்திக் கத்திக் கடைசியில சாதாரணப் பேச்சே மூளைக்குக் கேக்காமப் போயிடுது. சாராயம் சேதியை மந்தமாக்குது. மார்ஃபின் வலியோட வாயைப் பொத்துது. அதனாலதான் அதை மருந்தா வச்சிருக்கோம், அதனாலதான் பூட்டியும் வச்சிருக்கோம்."

"இவருக்கு என்ன குடுக்கப் போறீங்க?" என்றாள் செவெரினா.

"லித்தியம். இது கத்தவும் கத்தாது, வாயைப் பொத்தவும் பொத்தாது. நல்லா இருக்குறவங்க தின்னாப் போதை எதுவும் வராது. ஆனா இவரை மாதிரி மேலயும் கீழயும் அலையுற மனசைப் பிடிச்சு நடுவுல நிறுத்தும். எப்படி நிறுத்துதுன்னு கேக்காதீங்க, எங்களுக்கே முழுசாத் தெரியாது."

சுவரையே பார்த்துக்கொண்டிருந்த நிக்கானோர் அப்போது திரும்பினான். "லித்தியமா? எங்க ஏரியில இருக்கே, அதுவா?"

"அதேதான். சுத்தம் பண்ணி, அளந்து, மாத்திரையாக்குனது."

"எங்க ஊரு சரக்கு!" என்றான். மாதக் கணக்கில் அவன் வாய் திறந்து பேசியது அன்றுதான். செவெரினா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது வேறு. இந்த மருந்தில் குணப்படுத்துகிற அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் நடுவில் இடம் ரொம்பக் குறைவு. சிறுநீரகம் இதை உப்பென்று நினைத்து ஏமாறும். உடம்பில் தண்ணீர் வற்றினால், வயிற்றுப்போக்கு வந்தால், உப்பை வெளியே விடாமல் பிடித்து வைப்பதுபோல் இதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்து அனுப்பு, தண்ணீர் குடிக்கச் சொல், கை பெரிதாக நடுங்கினாலோ நாக்குக் குழறினாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதே என்றார்.

மருந்து அவனுக்கு அப்படியே ஒத்துக்கொண்டது. மற்றவர்கள் தூங்கும்போது தூங்கினான், சிரிக்கும்போது சிரித்தான். விரலில் லேசான நடுக்கம் இருந்தது. "முரசுக்கு இதுவும் நல்லதுதான்க்கா, ஒரு அடி அடிச்சா ரெண்டா விழுது" என்பான். தானம் செய்த லாமாக்களில் சிலதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் திருப்பிக் கொடுத்தார்கள், சிலதைச் சாப்பிட்டுவிட்டிருந்தார்கள். ஒரு மகள் பிறந்தாள். திருவிழாவில் முன்வரிசையில் நடந்தான். கடல் நாளில் மட்டும் பையன்கள் "என்ன மாமா, கடலுக்கு எப்போ?" என்று சீண்டுவார்கள். சிரித்துக்கொண்டே போய்விடுவான், ஆனால் அன்று ராத்திரி சாப்பிடமாட்டான் என்று செவெரினா சொல்லுவாள். பைத்தியம் என்ற பேரை ஊர் மறக்க வேண்டும், அவனுக்கு வேறு ஆசை இல்லை.

தொல்லையெல்லாம் மருந்து வந்து சேருவதில்தான். மாத்திரையை எந்த நாட்டிலோ செய்து, எந்தத் துறைமுகத்திலோ இறக்கி, தலைநகரம் சுற்றி, பொத்தோசியிலிருந்து பேருந்தில் பொட்டலமாக எனக்கு அனுப்புவார்கள். ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. ஏரியிலிருந்து லித்தியம் ஏற்றிய லாரிகள் மட்டும் ஒரு நாளும் தவறாமல் என் ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்துக்கொண்டு போகும். நான் ஜன்னலில் நின்று ஓட்டுநர்களைத் திட்டுவேன். அவர்கள் பாவம், கை அசைத்துவிட்டுப் போவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் மறியல் வந்தது.

ஆலை வருமானத்தில் ஏரிக்கரை ஊர்களுக்குப் பங்கு வேண்டும் என்று கேட்டோம். நியாயமான கேள்விதான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அரசாங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதில் விழ வைக்க எங்கள் நாட்டில் ஒரே வழிதான் உண்டு, சாலையை மறிப்பது. கல்லைக் கொட்டி, டயரைக் கொளுத்தி, வீட்டுக்கு ஒருவர் வந்து உட்கார வேண்டும். வராத வீட்டுக்கு அபராதம். மறியலில் குடித்தால் இன்னும் பெரிய அபராதம். எங்கள் ஊர்த்தலைவர் இலாரியோன் கோப்பா ஒலிபெருக்கியைக் கையில் பிடித்து, "லித்தியம் எங்களுடையது!" என்று கத்துவார். பின்னால் நிக்கானோரின் முரசு முழங்கும். இலாரியோன் நல்ல மனுஷர். தன் சொந்த ஆட்டை அடித்துப் பொதுப் பானையில் போட்டவர். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்.

எங்களைப் பார்த்து அடுத்த ஊரும் மறித்தது, அதற்கடுத்த ஊரும் மறித்தது. பேருந்து பொத்தோசியை விட்டே கிளம்பவில்லை. நிக்கானோரின் பொட்டலமும் கிளம்பவில்லை. மாத்திரை தீரப் போகிறது என்று தெரிந்ததும் நான் மறியலுக்குப் போனேன்.

"தலைவரே, ஒரு மோட்டார் சைக்கிளை மட்டும் விடுங்க. நிக்கானோர் மருந்தை எடுத்துக்கிட்டு வரட்டும். மத்த ஊர்க்காரங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நர்ஸம்மா, ஆம்புலன்ஸ் வந்தா நானே கல்லைத் தூக்குவேன். ஆனா பொட்டலத்துக்கு வழி விட்டேன்னு வைங்க, நாளைக்கு வாத்தியாருக்கு ஒரு பொட்டலம், கடைக்காரிக்கு ஒரு பொட்டலம். சாயங்காலம் ஆலை இன்ஜினியருங்க எல்லாரும் மோட்டார் சைக்கிள்ல போவாங்க."

"இது சோப்பு இல்ல தலைவரே, மருந்து!"

"என்ன மருந்து?"

"லித்தியம்."

கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "லித்தியத்தைத் தேடி இவ பொத்தோசி போறாளாம்!" என்றாள் ஒருத்தி. எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. நிக்கானோரையாவது இழுத்துக்கொண்டு போகலாம் என்று பார்த்தால், அவன் முரசுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான்.

"விடுக்கா. எல்லாரும் வெயில்ல உக்காந்திருக்கும்போது எனக்கு மட்டும் வழி விடச் சொன்னா என்ன ஆகும்? பைத்தியத்துக்கு மருந்து போகுதுன்னு சொல்லி ஊர் ஊரா கல்லை நகத்துவாங்க, அந்தப் பேரு திரும்ப ஒட்டிக்கும். கொஞ்ச நாள்தானே, தாங்கிக்குவேன்."

"நீ தாங்குவடா, உன் மூளை தாங்குமா?" என்று கத்தினேன். அவன் முரசடிக்க ஆரம்பித்துவிட்டான். அந்தச் சத்தத்தில் நான் சொன்னது யாருக்கும் கேட்டிருக்காது.

இதற்குப் பிறகு நடந்ததை எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். சொன்னால் நான் திட்டுவேன் என்று பயமாம். மறியலில் ஆலையின் தொட்டி லாரி ஒன்று மாட்டிக்கொண்டு நின்றது. பாத்திகளில் வெயிலில் வற்ற வற்றக் காய்ச்சி எடுத்த கெட்டி உப்புநீர் அதில் இருந்தது. நான் கோபித்துக்கொண்டு போன பிறகு இலாரியோனுக்கு மனசு கேட்கவில்லை. லாரிக் குழாயைத் திறந்து ஒரு பாட்டிலில் பிடித்து, எல்லார் முன்னாலும் நிக்கானோர் கையில் கொடுத்திருக்கிறார். "தம்பி, உன் மருந்தோட தாயே இதுதான். வெளிநாட்டுக்காரன் இதைத்தான் வாங்கிட்டுப் போய், மாத்திரையாக்கி உனக்கே விக்கிறான். இனிமே நீ யார்கிட்டயும் கையேந்த வேணாம்" என்றாராம். கைதட்டல் வேறு. எத்தனை சீண்டலுக்குப் பிறகு ஊர் அவனுக்குக் கைதட்டுகிறது! அவன் எப்படி வேண்டாம் என்பான்? வேளைக்கு ஒரு கரண்டி, பொதுப் பானைக் கஞ்சியில் கலந்து குடித்திருக்கிறான். கசப்பு தெரியாமல் இருக்க அதன் மேல் கோக்கா இலையை மென்றிருக்கிறான்.

அவன் ஒரு நாள் முழுக்க எடுக்க வேண்டிய மாத்திரையைப்போல மூன்று மடங்கோ நாலு மடங்கோ அந்த ஒரு கரண்டியில் இருந்திருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அதோடு கலந்திருந்த மற்ற உப்புகள் வயிற்றைப் பிடுங்கின. வயிற்றுப்போக்கில் தண்ணீர் போனது, தண்ணீர் போனதும் சிறுநீரகம் விஷத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இவ்வளவையும் தெரிந்த ஒருத்தி கூப்பிடு தூரத்தில் காய்ச்சல்காரர்களுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சில நாள் கழித்து, தெருவில் செவெரினாவைப் பார்த்து எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்காருக்கா, மருந்து தினமும் எடுத்துக்குறாரு" என்றாள். நான் தலையாட்டிவிட்டு நாலடி நடந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது.

"மருந்தா? எந்த மருந்து? மாத்திரைதான் தீந்துபோச்சே?"

அவள் தரையைப் பார்த்தாள். "தலைவர் குடுத்தாரு..."

ஓடினேன். காற்றே மெலிந்து கிடக்கிற எங்கள் மலை உயரத்தில் யாரும் ஓடமாட்டார்கள். மூச்சு மார்பைக் கிழித்தது. மறியலில் நிக்கானோரைக் காணோம். எங்கே என்றால் ஒருவன் கண்ணடித்தான். "குடிச்சுட்டான் நர்ஸம்மா. நேத்துலேர்ந்து தள்ளாடுறான், நாக்கு குழறுது. எவன் வாங்கிக் குடுத்தான்னு கேட்டாச் சொல்ல மாட்டேங்குறான். அபராதம் போட்டு, தெளியட்டும்னு வெயில்ல உக்கார வச்சிருக்கோம்."

கற்குவியலுக்குப் பின்னால் அவன் சாய்ந்து கிடந்தான். கை இரண்டும் துணி உதறுகிற மாதிரி உதறின. வாயோரம் இழுத்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னான், ஒரு எழுத்தும் புரியவில்லை. வாயை முகர்ந்தேன். சாராய வாசனை ஒரு துளி இல்லை. இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட முகர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

"பாவிங்களா, அவன் குடிக்கலடா! நீங்க குடுத்த லித்தியம்டா இது!"

இலாரியோன் முகம் சாம்பலாகிவிட்டது. ஒலிபெருக்கியைக் கீழே போட்டார். குனிந்து கல்லைத் தூக்க ஆரம்பித்தார். மொத்த ஊரும் தூக்கியது. வாரக்கணக்கில் ராணுவம் வந்தாலும் அசையாது என்று கட்டிய மறியல், நான் அவனுக்கு நரம்பில் ஊசி ஏற்றி முடிப்பதற்குள் காணாமல் போனது. ஒரு பொட்டலத்துக்குத் திறக்காத வழி. எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை, ஒவ்வொருவரையும் அறையத்தான் தோன்றியது.

இலாரியோனே வண்டி ஓட்டினார். வழியில் ஒவ்வொரு ஊர் மறியலிலும் இறங்கி ஓடி, "விடுங்கப்பா, எங்க புள்ள சாகுறான்!" என்று கத்தினார். ஒவ்வொரு ஊரும் கல்லை நகர்த்தியது. பொத்தோசியில் டாக்டர் ரெபேகா காத்திருந்தார். ரத்தத்தை இயந்திரத்தில் ஓட்டிச் சுத்தம் செய்தார்கள்.

பிழைத்தான். ஆனால் நடை படகில் நிற்கிறவனின் நடையாகிவிட்டது. பேச்சு இழுத்து இழுத்து வருகிறது. சிறுமூளை அடிபட்டிருக்கிறது, இது திரும்பாமலே போகலாம் என்றார் டாக்டர். சிறுநீரகம் இரண்டும் பாதிதான் வேலை செய்கின்றன. அதனால் இனி ஆயுசுக்கும் லித்தியம் கூடாது என்று அவனிடமும் செவெரினாவிடமும் என்னிடமும் மட்டும் சொன்னார். அவனுக்கு ஒத்துக்கொண்ட ஒரே மருந்து அது. மாற்றாகக் கொடுத்த மாத்திரையில் நாள் முழுக்கத் தூங்குகிறான், உடம்பு ஊதிவிட்டது. இருந்தும் போன மாதம் தூக்கமில்லாமல் விடியும்வரை பேசிக்கொண்டிருந்தான் என்று செவெரினா வந்து சொன்னாள். 

திரும்பவும் கல்லை அடுக்கி உட்கார்ந்ததில் மறியல் ஜெயித்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு மத்தியானம், வாரம் ஒருமுறை செய்கிற பரிசோதனைக்காக நிக்கானோர் என் முன்னால் உட்கார்ந்திருந்தபோது இலாரியோன் உள்ளே வந்தார். நல்ல தொப்பி போட்டிருந்தார். கையில் ஒரு அட்டைப் பெட்டி.

"நர்ஸம்மா, ஒப்பந்தத்துல நான் தனியா ஒரு வரி சேக்கச் சொன்னேன். நம்ம ஊருக்கு லித்தியம் மாத்திரை, மாசாமாசம், இலவசமா, ஆலையே கொண்டாந்து குடுக்கணும். மந்திரி ஒத்துக்கல. அதுக்காகவே இன்னும் ரெண்டு நாள் உக்காந்தோம். இந்தா தம்பி, உனக்காகத்தான் வாங்குனோம்."

நான் வாயைத் திறந்தேன். நிக்கானோர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். எழுந்து, தள்ளாடி, சுவரைப் பிடித்து நின்று, இரண்டு கைகளாலும் பெட்டியை வாங்கிக்கொண்டான். "நன்... றி, தலைவரே" என்றான். இலாரியோன் அவன் தலையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார், தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

"ஏன்டா சொல்லல? நீ ஏன்டா சொல்லல?" என்று நான் அவன் மேல் பாய்ந்தேன்.

அவன் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். "சொன்னா அழுவாருக்கா. அழுதா நான்தான் சமாதானப்படுத்தணும். எனக்கு இப்போ அதுக்குத் தெம்பு இல்ல."

பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எங்கள் ஊரில் அதைச் சாப்பிட வேண்டியவர்கள் வேறு யாரும் இல்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஆலையின் வண்டி வாசலில் வந்து நிற்கும். இதுவரை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.